பதவி மாறிய பிறகு தெரியும் பலம்

தலைமைப் பண்பைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலோர் தம் குணங்களை அடுக்கத் தொடங்குவார்கள்: துணிச்சல், பேச்சுவன்மை, சட்டென்று முடிவெடுக்கும் திறன், எல்லோரையும் அரவணைத்துப் போகும் பக்குவம். இவை நல்ல குணங்கள்தாம். ஆனால் ஒருவர் குழுவை எப்படி நடத்தினார் என்பதற்கு அவர் குணங்கள் அரைகுறைச் சான்றே. முழுச் சான்று அந்தக் குழுவிடம்தான் இருக்கிறது. அவர் விலகி நின்றபோது அது என்னவாயிற்று என்று பார்த்தால் அவருடைய பலம் தெரிந்துவிடும். இதைச் சோதித்துப் பார்க்கத் தமிழ்நாட்டின் மகளிர் சுய உதவிக் குழுக்களைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

1983-இல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் உருவானது. 1989-இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரி மாவட்டத்தில் குழுக்கள் தொடங்கப்பட்டன. 1992-இல் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தை நபார்டு வங்கி தொடங்கியது. பின்னர் இந்தக் குழு முயற்சி ‘மகளிர் திட்டம்’ என்ற பெயரில் மாநிலம் முழுக்கப் பரவியது. குழுவுக்குப் பன்னிரண்டு முதல் இருபது பேர். அவர்களில் ஒருவர் ஊக்குநர், பிரதிநிதிகள் இருவர். தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், தவணைப்படி திருப்பிச் செலுத்துதல், ஒழுங்கான கணக்கு ஆகிய ஐந்துதான் ஒரு குழு தேறியதா என்று பார்க்கும் அளவுகோல்கள். இவற்றில் ஒன்றுகூட ஊக்குநரின் தனித்திறமையை அளப்பதில்லை. ஐந்துமே குழுவின் பழக்கங்கள். பொறுப்புகள் சுழற்சி முறையில் மாற வேண்டும் என்ற விதியும் இதே எண்ணத்தில் பிறந்ததுதான்.

இரண்டு வகை ஊக்குநர்களை ஒப்பிடலாம். “உங்களுக்கு எதுக்குக்கா சிரமம், பேங்குக்கு நானே போயிட்டு வந்துடறேன்” என்பவர் ஒருவர். போகும்போதெல்லாம் வேறு வேறு உறுப்பினரை உடன் அழைத்துச் சென்று, மேலாளரிடம் அவர்களையே பேசவிடுபவர் இன்னொருவர். பார்வைக்கு முதலாமவரே உழைப்பாளி. ஊரும் அவரைத்தான் மெச்சும். ஆனால் அவர் படுத்துவிட்டால் கடன் விண்ணப்பமும் படுத்துவிடும். இரண்டாமவருக்கு அலைச்சல் கூடுதல், பாராட்டு குறைவு. ஆனால் வங்கி வாசலை மிதிக்கத் தயங்காத பெண்கள் அந்தக் குழுவில் ஆண்டுக்காண்டு பெருகுகிறார்கள்.

பேச்செல்லாம் எதற்கு, கடன் முழுதாகத் திரும்பியதா என்று பார்த்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். போதாது. எல்லோரும் கூடிப் பேசி, கஷ்டப்படும் உறுப்பினருக்குத் தவணையைத் தள்ளிக் கொடுத்த குழுவும் கடனைக் கட்டி முடிக்கும். வீட்டு வாசலில் நின்று அவமானப்படுத்தி வசூலித்த குழுவும் கட்டி முடிக்கும். வங்கிப் புத்தகத்தில் இரண்டும் ஒன்றுபோலவே பதிவாகும். வேறுபாடு தீர்மானப் புத்தகத்தில் தெரியலாம்: கடன் யாருக்கு என்று முடிவானபோது எத்தனை பேர் பேசினார்கள், எத்தனை பேர் கையெழுத்து மட்டும் போட்டார்கள்?

இதைவிட வலுவான மறுப்பும் உண்டு. துணிந்த ஒருத்தி முன்வராமல் எந்தக் குழுவும் பிறப்பதில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஓரிருவரே உள்ள இடத்தில் பொறுப்பை எப்படி மாற்றுவது? முதல் பாதியை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வீட்டாரின் எதிர்ப்பையும் அக்கம்பக்கத்தாரின் ஏளனத்தையும் தாண்டிப் பெண்களைக் கூட்டுவதற்குத் தனி மனித உறுதி தேவை. ஆனால் தொடங்கிவைக்கும் பலம் வேறு, தொடரவைக்கும் பலம் வேறு. முன்னது இருப்பதாலேயே பின்னதும் இருப்பதாக நினைத்துக்கொள்வதுதான் பிழை. எழுத்தறிவைப் பொறுத்தவரை, கணக்கு எழுதுவதும் முடிவெடுப்பதும் ஒரே வேலை ஆகாது. படித்தவர் கணக்கை எழுதி வாய்விட்டுப் படித்தால், படிக்காதவரும் கூட்டத்தை நடத்தலாம். தொகை தவறினால் தட்டிக் கேட்கலாம்.

பொறுப்பு காகிதத்தில் மட்டும் மாறி, பழைய ஊக்குநரே பின்னாலிருந்து குழுவை ஆட்டிவைப்பதும் உண்டு. அதனால் சுழற்சி விதி வீண் என்றாகிவிடாது. அது நிறைவேறியதா என்று எங்கே பார்க்க வேண்டும் என்பதே இதனால் தெளிவாகிறது. குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக்குப் பொறுப்பாளரைத் தேர்ந்தெடுப்பவர்கள், வேட்பாளரின் சாதனைப் பட்டியலைக் கேட்கும் முன் அவருடைய குழுவுக்குப் போகட்டும். அவருக்குப் பின் பொறுப்பேற்றவர் கூட்டத்தைத் தானே நடத்துகிறாரா, அவர் சொல்லை மற்ற உறுப்பினர்கள் மறுத்துப் பேசுகிறார்களா என்று கவனிக்கட்டும். இரண்டுக்கும் ஆம் என்றால், அடுத்த பொறுப்பை அந்த வேட்பாளரிடம் நம்பிக் கொடுக்கலாம்.