முதல் தூக்கு, கடைசி நீதிமன்றம்: மைசூர் வழக்கு உணர்த்திய சட்ட எல்லை

புதுதில்லி: ஒருவருக்கு முதன்முறையாக மரண தண்டனை விதிக்கும் நீதிமன்றமே நாட்டின் கடைசி நீதிமன்றமாகவும் இருந்துவிட்டால், அவர் எங்கே மேல்முறையீடு செய்வது? மைசூர் தடா நீதிமன்றத்தில் நடந்த பாலாறு கண்ணிவெடி வழக்கு எழுப்பிய கேள்வி இது.

1993 ஏப்ரல் 9-இல் வீரப்பன் கும்பல் வைத்த கண்ணிவெடிக்கு போலீஸார் உள்பட 22 பேர் பலியாயினர். இவ்வழக்கில் சைமன், ஞானப்பிரகாசம், மீசைக்கார மாதையா, பிலவேந்திரன் ஆகிய நால்வருக்கும் மைசூர் தடா நீதிமன்றம் 2001 செப்டம்பரில் ஆயுள் தண்டனை விதித்தது.

தடா சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி, மேல்முறையீடு நேராக உச்ச நீதிமன்றத்துக்கே செல்லும்; உயர் நீதிமன்றத்துக்கு அதில் இடமில்லை. 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தானாக முன்வந்து ஆயுள் தண்டனையைத் தூக்காக உயர்த்தியது. அதற்கு மேல் மேல்முறையீடு கிடையாது.

எஞ்சியது சீராய்வு மனு மட்டுமே. கிரிமினல் வழக்குகளில் ஆவணங்களிலேயே வெளிப்படையாகத் தெரியும் பிழைக்குத்தான் அதில் இடமுண்டு. வழக்கறிஞர் வாதமின்றி நீதிபதிகளின் அறையிலேயே அதனை முடிப்பது அன்றைய நடைமுறை. 2004 ஏப்ரலில் நால்வரின் மனுவும் தள்ளுபடியானது. 2002-இல் உருவான 'கியூரேட்டிவ்' மனுவின் வாசல் இதனினும் குறுகியது.

மற்ற கிரிமினல் நீதிமன்றங்களின் நிலை இன்னும் கடினம். கையெழுத்திட்ட தீர்ப்பில் எழுத்துப் பிழை, கணக்குப் பிழை தவிர வேறெதையும் திருத்த இயலாது என்கிறது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 362-ஆவது பிரிவு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 403-ஆவது பிரிவும் அதையே கூறுகிறது. வழக்குகளுக்கு ஒரு முடிவு வேண்டும் என்பதே இதன் நியாயம்.

நால்வரின் கருணை மனுக்கள் ஒன்பது ஆண்டுகள் கிடப்பில் இருந்து, 2013 பிப்ரவரியில் நிராகரிக்கப்பட்டன. 2014 ஜனவரி 21-இல் தலைமை நீதிபதி பி. சதாசிவம் தலைமையிலான அமர்வு, தாமதம் உள்ளிட்ட காரணங்களைக் காட்டி, இவர்கள் உள்பட 15 பேரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. 2004 தீர்ப்பு சரியா, தவறா என்ற மறுவிசாரணை அல்ல அது. அரசின் தாமதத்துக்குக் கிடைத்த நிவாரணம்.

அதே ஆண்டு செப்டம்பர் 2-இல் அரசியல் சாசன அமர்வு, தூக்கு வழக்குகளின் சீராய்வு மனுக்களைத் திறந்த நீதிமன்றத்தில் விசாரிக்க உத்தரவிட்டது. வாதத்துக்கு வரம்பு அரை மணி நேரம்.

நால்வரும் உயிர் தப்பியது சட்டம் வகுத்த மேல்முறையீட்டால் அல்ல. கோப்பு உறங்கியதால்!