வாசலில் கழற்றும் சப்பாத்து

மட்டக்களப்பிலிருந்து கல்முனை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், கிழக்கே வங்கக் கடலுக்கும் மேற்கே வாவிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் மணற்பரப்பில் அமைந்த குருக்கள்மடத்தில் ஒருவர் நாள்தோறும் சப்பாத்து அணிந்து நடமாடுவதென்றால், அதை அவர் ஒரு பகற்பொழுதில் எத்தனை தடவை கழற்றி மாட்ட நேரிடும் என்பதை முதலிற் சிந்தித்துப் பார்க்கவேண்டும். வீட்டு வாசலிற் கழற்றவேண்டும். கோயில் வெளிமதிலருகே கழற்றவேண்டும். அயலிலே ஒரு துக்க வீடென்றால் அங்கும் கழற்றவேண்டும். கழற்றுதற்கு வேறு காரணம் எதுவும் இல்லாதபோதும் உள்ளே புகுந்த மணலை உதறுவதற்காகவாவது கழற்றவேண்டும். வாவியைக் கடந்து அம்பிளாந்துறைக்குப் போகும் ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும், இப்பகுதியார் 'பாதை' என்று வழங்கும் மிதவையில் ஏறும்போது துறையோரம் நீரேறியிருந்தால், சப்பாத்தைக் கையிலெடுத்துக்கொண்டு காற்சட்டையைச் சுருட்டுவதைத் தவிர வேறு உபாயம் இல்லை.

இவ்வளவு தடவை கழற்றப்படுவதற்கென்று லேஸ் என்னும் சாதனம் ஒருகாலும் உருவாக்கப்படவில்லை. அது பிறந்த தேசங்களில் மனிதன் காலையில் ஒருமுறை முடிந்து இரவில் ஒருமுறை அவிழ்ப்பான். இடையில் அவனுடைய பாதத்துக்கும் குளிருக்கும் நடுவே அந்தத் தோல் இருந்துகொண்டே இருக்கவேண்டும். ஆர்மீனியாவில் அரேனி என்னும் ஊரருகேயுள்ள குகையொன்றில் 2008ஆம் ஆண்டு அகழ்ந்தெடுக்கப்பட்ட பாதரட்சை ஏறத்தாழ 5,500 ஆண்டுப் பழைமையுடையதென்று கணிக்கப்பட்டது. ஒரே பசுத்தோல் துண்டைப் பாதத்தின் வடிவுக்கு மடித்து, முன்னும் பின்னும் துளையிட்டுத் தோல்வாரினாற் கோத்து இறுக்கியிருந்தார்கள். அந்தக் குகைவாசி இன்று எழுந்து வந்து நம் பிள்ளைகளின் பாடசாலைச் சப்பாத்தைப் பார்ப்பாரானால், துணியையும் றப்பரையும் கண்டு வியப்பாரேயன்றி, அதைக் கட்டும் முறையைக் கண்டு வியக்கமாட்டார்.

பொருந்தாத சாதனத்தை ஒரு சமூகம் எவ்வாறு தனக்குப் பொருத்திக்கொள்கிறது என்பதை எந்தப் பாடசாலை மாணவனின் காலிலும் காணலாம். ஆண்டுத் தொடக்கத்தில் வாங்கிய வெள்ளைக் கன்வஸ் சப்பாத்தில் லேஸ் ஒருமுறை முடியப்படுகிறது. அந்த முடிச்சு பின்னர் அவிழ்வதே இல்லை. கழற்றும்போது ஒரு காலின் முனையால் மறு காலின் குதிப்பக்கத்தை மிதித்து இழுக்கிறான். மாட்டும்போது குதிப்பக்கத்தை உள்ளே மடித்து மிதித்தபடியே ஓடுகிறான். சில வாரங்களில் அந்தப் பின்விளிம்பு ஒடிந்து, தையல் பிரிந்து, உள்ளேயிருக்கும் அட்டை வெளியே எட்டிப் பார்க்கிறது. சப்பாத்து அப்போது செருப்பாகிவிடுகிறது. பெற்றோர் பிள்ளையைக் கடிந்துகொள்கிறார்கள். கஷ்டப் பிரதேசத்துப் பாடசாலைகளுக்கு அரசாங்கம் வவுச்சர் கொடுத்து வாங்குவித்த சப்பாத்துக்கும் இதே கதிதான். என் அபிப்பிராயத்தில் குற்றம் பிள்ளையினுடையதன்று. வாசலுக்கு வாசல் கழற்றவேண்டிய ஒருவனுக்கு, குனிந்து இரு கையாலும் அவிழ்த்து முடியவேண்டிய பொறியைக் கொடுத்தவர்களுடையதே குற்றம்.

திருத்தம் எங்கே தொடங்கவேண்டும் என்று அறிவதற்கு, லேஸ் செய்யும் காரியம் யாதென்று விளங்கிக்கொள்வது அவசியம். இரு பக்கத்துத் துளைகளும் ஒவ்வொன்றும் ஒரு சிறு கப்பிபோலத் தொழிற்படுகின்றன. நுனியில் நாம் இழுக்கும் இழுவை துளைக்குத் துளை திரும்பித் திரும்பிச் சென்று இரு ஓரங்களையும் நெருங்கச் செய்கிறது. ஆறு சோடித் துளைகளுள்ள ஒரு சப்பாத்தில் லேஸைக் கோக்கும் வழிகள் ஏறத்தாழ இரண்டு இலட்சம் கோடி என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்துக் கணிதப் பேராசிரியர் பேர்க்கார்ட் போல்ஸ்டர், இந்தப் பிரளயத்துள் எது சிறந்ததென்று ஆராய்ந்து 2002ஆம் ஆண்டில் 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதிய கட்டுரையின் முடிபு, கணித ஞானம் சிறிதுமில்லாத நம் பாட்டன்மாரை மகிழ்விக்கத்தக்கது: குறுக்கு மறுக்காகக் கோப்பதும், நேர் குறுக்காகக் கோப்பதுமாகிய பழகிய இரு முறைகளே மிக வலிமையாக இறுக்குவன. நூற்றாண்டுக் கணக்கான அனுபவம் கணிதத்தை முந்திக்கொண்டுவிட்டது. ஆகவே கோக்கும் கோலத்தை மாற்றிப் புதுமை செய்ய முயல்வோர்க்கு இலாபம் அதிகம் இல்லை.

குறை இருக்கும் இடம் வேறு. கப்பிக்கு உருளை உண்டு. சப்பாத்துத் துளைக்கு உருளை இல்லை. ஒவ்வொரு துளையிலும் லேஸ் உராய்ந்து தன் இழுவையிற் சிறிதை இழக்கிறபடியால், மேலே கணுக்காலருகில் நரம்பை அழுத்துமளவு இறுகிய லேஸ், கீழே விரல்களருகில் தளர்ந்தே கிடக்கும். கடற்காற்றில் உலோகத் துளைவளையங்கள் துருப்பிடித்தும் மணல் அப்பியும் போனால் இந்த உராய்வு இன்னும் கூடும். வெள்ளை லேஸில் மஞ்சட் கறையும் படியும்.

இரண்டாவது குறை, வேண்டாத வேளையில் தானே அவிழ்ந்துவிடுவது. இதை அற்ப விஷயமென்று தள்ளாமல் ஆராய்ந்தவர்கள் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்து இயந்திரவியற் பேராசிரியர் ஒலிவர் ஓ'ரைலியும் அவருடைய மாணவர் இருவரும். அவர்களுடைய ஆய்வு 2017ஆம் ஆண்டு றோயல் சொசைட்டியின் சஞ்சிகையில் வெளிவந்தது. உருளும் பட்டியின்மேல் ஒருவரை ஓடவிட்டு, விரைவுக் கமராவினாற் படம் பிடித்துப் பார்த்தபோது, பாதம் தரையில் மோதும் வேகம் புவியீர்ப்பைப்போல் ஏழு மடங்கு விசையை முடிச்சின்மேற் செலுத்துவதும், அந்த மோதலில் முடிச்சின் நடுப்பகுதி சற்றே நெகிழ்வதும், அதே கணத்தில் காலின் வீச்சினால் தொங்கும் நுனிகள் சாட்டைபோல் அடித்து லேஸை வெளியே இழுப்பதும் தெரியவந்தன. நின்ற இடத்தில் தரையை மிதித்தால் மட்டும் முடிச்சு அவிழவில்லை. உட்கார்ந்து காலை வீசினால் மட்டும் அவிழவில்லை. இரண்டும் சேர்ந்தபோதுதான் அவிழ்ந்தது. நெகிழ்வு ஒருமுறை தொடங்கிவிட்டால் பின்னர் ஓரிரு எட்டுகளில் எல்லாம் முடிந்துபோகிறது. நெடுநேரம் உறுதியாயிருந்த முடிச்சு திடீரென்று அவிழ்ந்து நம்மை ஏமாற்றுவதன் இரகசியம் இதுதான்.

அவர்கள் ஒப்பிட்ட இரு முடிச்சுகளின் வேறுபாட்டை வாசகர் தம் காலிலேயே பரீட்சித்துக்கொள்ளலாம். லேஸ் முடிவதில் இரண்டு படிகள் உண்டு: முதலில் இரு நுனிகளையும் ஒன்றன்மேலொன்று போட்டு ஒரு சுற்றுச் சுற்றி இழுக்கிறோம், பிறகு காதுகள் இரண்டை எடுத்து மறுபடியும் சுற்றுகிறோம். முதற் சுற்றில் வலது நுனி இடதின்மேல் வந்ததானால், இரண்டாவது சுற்றில் இடது காது வலதின்மேல் வரவேண்டும். அவ்வாறு எதிரெதிராகச் சுற்றினால் முடிச்சு தட்டையாகப் படிந்து, காதுகள் இரண்டும் பாதத்துக்குக் குறுக்கே, இடமும் வலமுமாக நிற்கும். இரு சுற்றும் ஒரே திசையில் அமைந்துவிட்டாலோ, முடிச்சு முறுகித் திரும்பி, ஒரு காது விரலை நோக்கியும் மற்றது கணுக்காலை நோக்கியும் நீளவாட்டில் நிற்கும். விரைவில் அவிழ்வது இதுவே. காதுகள் நீளவாட்டில் நிற்கக் கண்டவர்கள் தம் நெடுநாட் பழக்கம் முழுவதையும் மாற்றவேண்டியதில்லை. முதற் சுற்றை மாத்திரம் எதிர்த்திசையிற் போட்டால் போதும். காசு செலவில்லாத திருத்தம் இது. விலைக்கு விற்கப்படும் திருத்தங்களிற் பலவற்றினும் மேலானது.

விற்கப்படும் திருத்தங்களையும் பார்ப்போம். சுவிற்சர்லாந்து தேசத்துப் பொறியியலாளர் ஜோர்ஜ் டி மெஸ்திரால் 1941ஆம் ஆண்டில் வேட்டைக்குப் போய்த் திரும்பியபோது தம் உடையிலும் நாயின் உரோமத்திலும் ஒட்டியிருந்த காய்களை நுண்ணோக்கியிற் பார்த்து, அவற்றின் கொக்கிகளைக் கண்டு வெல்குரோ என்னும் ஒட்டுப்பட்டியை உருவாக்கினார். நம் வரப்புகளில் வேட்டியிற் பற்றும் நாயுருவி செய்வதும் இத்தகைய வேலைதான். சிறுவர்க்கும் முதியோர்க்கும் இப்பட்டி பெரிய அனுக்கிரகம். ஆனால் மணலும் நூற்பிசிறும் கொக்கிகளிடையே அடைந்தால் பற்று நாளடைவிற் குறையும். பழைய பல்தூரிகையால் அடிக்கடி துடைக்கும் பொறுமை வேண்டும். அடுத்து வந்தது 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோவில் கேரி ஹாமர்ஸ்லாக் பனிச்சறுக்குச் சப்பாத்துகளுக்காக வெளியிட்ட போவா என்னும் அமைப்பு. இதில் லேஸுக்குப் பதிலாக மெல்லிய உருக்குக் கம்பி. துளைகளுக்குப் பதிலாக வழுக்கும் வழிகாட்டிகள். முடிச்சுக்குப் பதிலாக ஒரு திருகுவட்டு. உராய்வு குறைவாதலால் இழுவை எங்கும் ஒரே சீராகப் பரவுகிறது. நான் மேலே சொன்ன முதற் குறைக்கு இது நேரான பரிகாரம். உயர்ந்த பொறியியல் என்பதில் ஐயமில்லை. ஆயினும், லேஸ் அறுந்தால் சந்திக்கடையில் இன்னொன்று வாங்கலாம். திருகுவட்டுக்குள் உப்பும் மணலும் புகுந்து பழுதாகிவிட்டால் அயலூராகிய களுவாஞ்சிகுடியில் அதற்கு உதிரிப்பாகம் எங்கே தேடுவது?

மின்கலமும் மோட்டாரும் வைத்துத் தானே இறுகும் சப்பாத்தை நைக்கி நிறுவனம் 2016இல் 720 டொலர் விலையில் விற்பனைக்கு விட்டது. 2019இல் வந்த மற்றொரு வகை கைத்தொலைபேசிச் செயலியால் இயக்கப்பட்டது. செயலியைப் புதுப்பிக்கப்போய்ச் சிலருடைய சப்பாத்து இறுக மறுத்துவிட்டது. இதைப்பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை.

அதே நிறுவனத்தின் வேறொரு முயற்சி மரியாதைக்குரியது. மூளை முடக்குவாதத்தோடு பிறந்த மத்தியூ வோல்சர் என்னும் அமெரிக்க இளைஞர், கல்லூரிக்குப் போனபின் தம் சப்பாத்தை யார் கட்டிவிடுவார் என்ற கவலையை 2012இல் அந்நிறுவனத்துக்கு எழுதினார். அதன் பயனாக 2015இல், குதியைச் சுற்றி ஓடும் சிப்பைத் திறந்து பாதத்தைப் பின்பக்கமாக நுழைக்கும் சப்பாத்து வெளிவந்தது. முடிய இயலாத கையை முன்வைத்துச் சிந்தித்தபோது, எல்லார்க்கும் சௌகரியமான ஒரு வழி கிடைத்தது.

இவ்விதச் சிந்தனை நமக்குப் புதிதன்று. கொல்லிமலையிற் பிறந்து, 1946ஆம் ஆண்டில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த வைத்தியர் போல் பிராண்ட், தொழுநோயாளரின் பாதப் புண்களுக்கு மூலகாரணம் வலியுணர்வு அற்றுப்போனமையே என்று கண்டு, நுண்துளை றப்பரினாலான பாதரட்சைகளை அவர்களுக்கென்று உருவாக்கச் செய்தார். அத்தகைய பாதரட்சையில் ஆணி கூடாது. ஏனென்றால் குத்தினாலும் தெரியாது. விரல்கள் மடங்கிய கைக்கு லேஸ் முடிவது இயலாதாகையால் அகன்ற பட்டியே உகந்தது. மட்டக்களப்பு வாவியின் நடுவே, பிரித்தானியர் காலத்தில் தொழுநோய் வைத்தியசாலை அமைந்த மாந்தீவை அறிந்தவர்களுக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். இன்று தொழுநோயினும் நீரிழிவே ஊர்தோறும் பாதங்களை மரக்கச் செய்கிறது. மரத்த பாதமுடையவர், இறுக்கம் உணரப்படாமையால் மேலும் மேலும் இறுக்கிக் கட்டுவார். மாலையில் கழற்றும்போது லேஸின் தடம் தோலில் வடுவாகப் பதிந்திருக்கும். அவர்களுக்கு, லேஸின்கீழ் வரும் நாக்கு தடித்திருப்பதும், கட்டியபின் ஒரு விரல் நுழைய இடம் இருக்கிறதா என்று கையாற் பார்த்துக்கொள்வதும் இன்றியமையாதன.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, இந்த மணலூர்களுக்கு ஏற்ற கட்டுமுறையைக் கண்டுபிடிக்கப் பெரிய யந்திரசாலை எதுவும் வேண்டியதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒரு நீண்ட லேஸுக்குப் பதிலாக இரு குட்டை லேஸ்கள் போதும். விரற்பக்கத்து மூன்று சோடித் துளைகளைக் கீழ் லேஸ் பிணைக்கட்டும்; அது பாதத்தின் அகலத்துக்கு ஏற்ப ஒருமுறை அளவாக முடியப்பட்டு, துவைக்கும் நாள்வரை அப்படியே இருக்கட்டும். மேலேயுள்ள இரண்டு மூன்று சோடிகளுக்கு வேறொரு லேஸ்; வாசலில் அவிழ்ப்பதும் கட்டுவதும் அதை மட்டுமே. கீழே தளர்ந்தும் மேலே இறுகியும் போகும் கேடு இதனால் நீங்கும். அவிழ்க்கும் சிரமம் பாதியாகும். மேற்பகுதிக்கு இழுபடும் றப்பர் லேஸ் போட்டால் அவிழ்க்கவே வேண்டாம். ஆனால் வெயிலில் அதன் உயிர் சீக்கிரம் போய்விடும் என்பதையும், ஓடியாடும் பிள்ளைக்கு அதன் பிடிப்புப் போதாது என்பதையும் மறக்கலாகாது. உருண்டை நைலோன் லேஸைவிடத் தட்டையான பருத்தி லேஸ் முடிச்சைப் பற்றி நிற்கும், விலையும் அதிகமில்லை.

எஞ்சியவை சப்பாத்துச் செய்வோர் கைகளில் இருக்கின்றன. குதிப்பக்கத்து அட்டையை, மிதித்தால் ஒடியாமல் அமுங்கி மீளும் பொருளால் அமையுங்கள். பின்விளிம்பில் விரலிட்டு இழுக்க ஒரு துணிவளையம் தையுங்கள். துருப்பிடிக்கும் உலோகத் துளைவளையத்தை விட்டுப் பிளாஸ்டிக் வளையமோ உறுதியாகத் தைத்த துளையோ வையுங்கள். பெட்டிக்குள் ஒரு சோடி நீண்ட லேஸுக்குப் பதிலாக இரண்டு சோடிக் குட்டை லேஸ் இடுங்கள். பாடசாலைச் சப்பாத்துக்கு வவுச்சர் வழங்கும் அதிகாரிகளும், அந்தப் பணத்துக்கு எத்தகைய சப்பாத்து வாங்கப்படவேண்டும் என்ற விதிகளில் இந்த நான்கையும் சேர்த்துக்கொள்ளவேண்டும்.