கிட்டாரின் சுருதி ஏன் இறங்குகிறது?

திருவிழாக் காலத்தில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து மெல்லிசை மேடைகளில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவரைக் கவனித்திருக்கிறீர்களா? இரண்டு பாட்டுகளுக்கு நடுவே அவர் கிட்டாரின் தலைப்பகுதியிலுள்ள குமிழ்களை மெல்லத் திருகுவார், காதைச் சாய்த்துக் கேட்பார், மீண்டும் திருகுவார். இறங்கிப்போன சுருதியை அவர் சேர்த்துக்கொண்டிருக்கிறார். இது அடிக்கடி நேர்ந்தால், "கீ தேய்ந்துவிட்டது, ஆறையும் மாற்ற வேண்டியதுதான்" என்று முடிவு கட்டிவிடுவதுண்டு. சேர்த்து வைத்த பணத்தை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறும் மாணவர்களும் உண்டு. புதிய கீ போட்ட பிறகும் சுருதி இறங்கினால் என்ன செய்வது?

பணம் செலவழிக்கும் முன்பே உண்மையான குற்றவாளியைக் கண்டுபிடிக்க முடியும். அதற்கு வேண்டியவை இரண்டு: உங்கள் இயற்பியல் பாடம், விளக்குமாற்றிலிருந்து உருவிய ஓர் ஈர்க்குச்சி.

சுரமானியும் கிட்டாரும்

பள்ளி ஆய்வுக்கூடத்தில் சுரமானியைப் பார்த்திருப்பீர்கள். கம்பியின் ஒரு முனை பெட்டியில் கட்டப்பட்டிருக்கும். மறுமுனையில் எடைகள் தொங்கும். கம்பியின் நீளம் மாறாதபோது, அதன் அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். பிரெஞ்சு அறிஞர் மெர்சென் 1636-ஆம் ஆண்டிலேயே இவ்விதியை வெளியிட்டார்.

கிட்டாரிலும் இதே விதிதான். ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. சுரமானியில் கம்பியை இழுப்பது எடை. கம்பி சிறிது நீண்டாலும், முடிச்சு சற்று நழுவினாலும், எடை அதே எடைதான். ஆகவே இழுவிசை மாறாது. கிட்டாரில் எடை ஏதும் தொங்கவில்லை. கம்பியின் இரு முனைகளையும் பிடித்து, அதைச் சிறிது நீட்டி வைத்திருக்கிறோம். அந்த நீட்சிதான் இழுவிசையைத் தருகிறது. நீட்சியில் ஒரு துளி குறைந்தால், இழுவிசையும் அந்த அளவுக்குக் குறையும். சுருதி இறங்குவதன் மூலகாரணம் இதுவே.

நாலரை மில்லிமீட்டர் கணக்கு

அந்த நீட்சி எவ்வளவு? கணக்கிட்டுப் பார்ப்போம். எலெக்ட்ரிக் கிட்டாரின் மிக மெல்லிய கம்பியின் விட்டம் பெரும்பாலும் 0.25 மி.மீ.; அதிரும் பகுதியின் நீளம் 648 மி.மீ.; அதிர்வெண் 330 ஹெர்ட்ஸ். எஃகின் அடர்த்தியைக் கொண்டு இழுவிசையைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 73 நியூட்டன் வரும். அதாவது, ஏழரைக் கிலோ எடையைத் தொங்கவிட்டது போல! ஆறு கம்பிகளும் சேர்ந்து 45 கிலோவுக்கு மேற்பட்ட எடைக்குச் சமமாகக் கிட்டாரின் கழுத்தை இழுக்கின்றன.

இனி எஃகின் யங் குணகத்தைப் பயன்படுத்துவோம். இவ்வளவு விசைக்கு அந்த மெல்லிய கம்பி நீள்வது சுமார் 4.6 மி.மீ. மட்டுமே. ஏழரைக் கிலோ இழுவிசை முழுவதும் இந்த நாலரை மில்லிமீட்டரில் அடங்கிவிடுகிறது.

ஹார்மோனியத்தில் அரைக்கட்டை இறங்குவதற்குச் சமமாகச் சுருதி குறைய, இந்த நீட்சியில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் குறைந்தால் போதும். அரைக்கட்டையில் இருபதில் ஒரு பங்கு பிசகினாலும் பழகிய காது கண்டுகொள்ளும். அந்தப் பிசகுக்கு எவ்வளவு தளர வேண்டும்? 0.03 மி.மீ.கூட வேண்டாம். அது நம் தலைமயிரின் பருமனில் பாதிகூட இல்லை!

பதினான்கு சுற்றுக்கு ஒரு சுற்று

இவ்வளவு நுண்ணிய நீட்சியை விரலால் எப்படிச் சரிசெய்வது? கம்பி சுற்றப்படும் தண்டின் விட்டம் 6 மி.மீ. என்று கொள்வோம். தண்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் கம்பி 19 மி.மீ. அளவுக்கு இழுபடும். ஆகவே அரைக்கட்டைக்குத் தண்டு 10 டிகிரி திரும்பினால் போதும். காது கேட்கும் மிகச் சிறிய பிசகைத் திருத்த அரை டிகிரி! கையால் நேரடியாக அரை டிகிரி திருப்புவது யாராலும் இயலாது.

வீணையில் இந்தச் சிக்கல் பழைய சிக்கல். நம் பக்கத்து எட்டயபுரத்தில் 1835-இல் மறைந்த முத்துசுவாமி தீட்சிதர் வீணை வாசிப்பதில் வல்லவர். அக்காலத்து வீணைகளில் மரப் பிருடைகளே இருந்தன. பிருடையை எவ்வளவு திருப்புகிறோமோ அவ்வளவே கம்பி சுற்றும். அதனால்தான் நுண்ணிய திருத்தத்துக்காக வீணையின் அடிப்பக்கத்தில் லங்கர் என்ற நகரும் வளையங்களை அமைத்தார்கள்.

கிட்டார்காரர்கள் வேறு வழியில் போனார்கள். 1820-களில் வியன்னாவில் கிட்டார் செய்த ஸ்டாஃபர் போன்றவர்கள் திருகும் பல்சக்கரமும் சேர்ந்த கீகளைப் பொருத்தினர். குமிழின் தண்டில் ஒரு திருகு. கம்பி சுற்றும் தண்டில் ஒரு சிறு பல்சக்கரம். குமிழ் ஒரு சுற்றுச் சுற்றினால் பல்சக்கரம் ஒரு பல் மட்டுமே நகரும். சக்கரத்தில் 14 பற்கள் இருந்தால், தண்டு ஒரு முறை சுற்றுவதற்குக் குமிழை 14 முறை சுற்ற வேண்டும். இப்போது அந்த அரை டிகிரி, குமிழில் 7 டிகிரி ஆகிவிடுகிறது. 18 பற்கள் இருந்தால் 9 டிகிரி. விரலுக்கு இது எளிய வேலை. இன்று பல வீணைகளிலும் இத்தகைய கீகளைப் பொருத்துகிறார்கள்.

பொறியியலார் இதை வார்ம் கியர் என்பர். தலையை அசைக்கும் மேசை மின்விசிறியைத் திறந்து பாருங்கள். மோட்டாரின் வேகத்தைக் குறைத்து, தலையை மெதுவாகத் திருப்புவது இதே அமைப்புதான்.

பின்வாங்காத திருகு

கீயின் இரண்டாவது சிறப்பு இன்னும் வியப்பானது. குமிழ் தண்டைச் சுற்றும். ஆனால் தண்டு குமிழைச் சுற்ற முடியாது!

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரை நிறுத்தும்போது சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கட்டை ஒரு சாய்தளம். அவ்வளவு பெரிய தேர் அழுத்தியும் அது ஏன் நழுவி ஓடுவதில்லை? அதன் சரிவு குறைவு. தேர் எவ்வளவு அழுத்துகிறதோ, அவ்வளவுக்கு உராய்வும் கூடுகிறது. சரிவு ஒரு குறிப்பிட்ட கோணத்துக்குக் கீழே இருக்கும்வரை, எடை எத்தனை மடங்கு ஏறினாலும் உராய்வே வெல்லும்.

திருகு என்பது ஓர் உருளையைச் சுற்றிச் சுருட்டிய சாய்தளம். கீயிலுள்ள திருகின் சரிவு சில டிகிரிகளே. ஆகவே கம்பி ஏழரைக் கிலோவுக்கு இழுத்தாலும், அதற்கு மேல் இழுத்தாலும், பல்சக்கரத்தால் திருகைப் பின்னோக்கிச் சுழற்ற இயலாது. பற்களும் திருகும் நல்ல நிலையில் இருந்தால், கீ தானாகத் தளர்வதில்லை என்பது இயற்பியல் தரும் தீர்ப்பு.

ஈர்க்குச்சி சோதனை

அப்படியானால் சுருதி ஏன் இறங்குகிறது? சோதித்தே பார்த்துவிடலாம். கம்பியைச் சுருதி சேர்த்தபின், தண்டின் தலையில் சிறிது மெழுகு வைத்து, 5 செ.மீ. நீளமுள்ள ஈர்க்குச்சியை முள் போல ஒட்டுங்கள். அதன் நுனிக்கு நேராகக் கிட்டாரின் தலையில் ஒரு தாளை ஒட்டிப் பென்சிலால் கோடு போடுங்கள். தண்டு ஒரு டிகிரி திரும்பினால் முள்ளின் நுனி ஏறக்குறைய 0.9 மி.மீ. நகரும். இனி அரை மணி நேரம் கம்பியை நன்றாக வளைத்து வாசியுங்கள்.

சுருதி நன்றாக இறங்கியும் முள் நகரவில்லையா? கீ குற்றமற்றது. கம்பி வேறெங்கோ தளர்ந்திருக்கிறது. பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று.

முதலாவது, தண்டின் மேல் சுற்று. சுற்றுகள் தாறுமாறாகவோ தளர்வாகவோ இருந்தால், வாசிக்க வாசிக்க இறுகி, கம்பியை விட்டுக்கொடுக்கும். மெல்லிய கம்பிக்கு இரண்டு மூன்று சுற்றுகள், ஒன்றன்கீழ் ஒன்றாக, நெருக்கமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, கழுத்தின் தலைப்பில் கம்பிகள் பதிந்திருக்கும் சிறு கட்டை. இதன் பள்ளத்தில் கம்பி சிக்கிக்கொண்டால், சுருதி சேர்க்கும்போது 'டிங்' என்ற ஒலி கேட்கும். பென்சில் முனையைப் பள்ளத்தில் தேய்த்தால் கிராஃபைட் தூள் வழுக்க வைக்கும்.

மூன்றாவது, வெப்பம். மேடை விளக்கின் சூட்டில் கம்பி மட்டும் 10 டிகிரி செல்சியஸ் சூடேறினால், சுருதி அரைக்கட்டையில் ஏழில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கும். இதைப் புதிய கீ எதுவும் தடுக்காது.

மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால்

முள் நகர்ந்திருந்தால் முதலில் கீயின் திருகாணிகளை முடுக்கிப் பாருங்கள். கீயே ஆடிக்கொண்டிருந்தால் அதுவே காரணமாகலாம். பல் உடைந்திருந்தாலோ, தண்டு வளைந்திருந்தாலோ, மாற்றுவதே சரி. கடைக்குப் போகும்முன் மூன்று செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஆறு கீகளும் ஒரே பக்கமா, பக்கத்துக்கு மூன்றா, துளையின் விட்டம் என்ன, திருகாணித் துளைகள் எங்கே உள்ளன. பழைய வகைக்குத் துளை பெரும்பாலும் 9 மி.மீ.க்குக் குறைவு, மூடிய புதிய வகைக்கு 10 மி.மீ. வேண்டும். பழைய துளைக்கு ஏற்ற கீயை வாங்கினால் மரத்தைக் குடைய வேண்டியதில்லை.

கம்பியை முழுதும் தளர்த்திக் கழற்றிய பிறகே கீயில் கை வையுங்கள். இழுவிசையோடு இருக்கும் கம்பியை வெட்டினால் அது கண்ணில் தெறிக்கும். புதிய திருகாணிக்கு முதலில் சிறு துளை போட்டு, மரையில் சோப்புத் தடவி மெல்ல முடுக்குங்கள்; இல்லையேல் மரம் வெடிக்கும்.

கடைசியாக ஒரு பழக்கம். பல்லுக்கும் திருகுக்கும் இடையே சிறு இடைவெளி எந்தக் கீயிலும் உண்டு. சுருதியை மேலிருந்து இறக்கி நிறுத்தினால் அந்த இடைவெளி பின்னால் திறந்து நிற்கும்; வாசிக்கும்போது தண்டு அதற்குள் நழுவும். எனவே தேவைக்குக் கீழே இறக்கி, அங்கிருந்து ஏற்றிச் சேருங்கள். கீ மாற்றாமலேயே பாதி வழக்கு இங்கே தீர்ந்துவிடும்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. தண்டின் விட்டம் 6 மி.மீ.க்குப் பதில் 12 மி.மீ. ஆக இருந்தால், 14 பல் கீயில் அரைக்கட்டை ஏற்றக் குமிழை எத்தனை டிகிரி திருப்ப வேண்டும்? விடை கிடைத்ததும், கீகளின் தண்டு ஏன் மெல்லியதாகவே செய்யப்படுகிறது என்பதும் விளங்கும்.