இரண்டும் பெண்தானே என்று விட்டுவிடாதீர்கள்!

"ரெண்டுமே பொண்ணுதானே, சேர்ந்து விளையாடட்டுமே!" என்று நினைத்துத்தான் அந்தத் தப்பைச் செய்தேன்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு வெள்ளை முயல் இருந்தது. மல்லி என்று பெயர், வயது ஒன்றரை. மகளின் பிறந்த நாளுக்குச் சாம்பல் நிறத்தில் இன்னொன்று வாங்கி வந்தோம். முல்லை, ஐந்து மாதம். மல்லிக்குத் துணையாக இருக்கட்டும் என்று வந்ததும் வராததுமாக அதன் கூண்டிலேயே விட்டுவிட்டேன். காபி ஆற்றுகிற நேரம்கூட ஆகியிருக்காது. கூண்டுக்குள் ரோமம் பறக்கிறது! மகள் அலறுகிறாள். பிரிக்கப் போன என் விரலில் ஆழமான கடி. முல்லைக்குக் காது கிழிந்து, வயிற்றிலும் காயம். டாக்டரிடம் நான் ஊசி போட்டுக்கொண்டது தனிக் கதை.

முல்லைக்குத் தையல் போட்டுக்கொண்டே கால்நடை மருத்துவர், "புது மருமகளை முதல் நாளே மாமியாரோட அடுப்படியில கொண்டு போய் விட்டுட்டீங்களேம்மா!" என்றார். சிரிப்பதா, அழுவதா?

பார்க்கப் பரம சாதுவான முயலுக்குத் தன் இடம் என்றால் உயிர். அதிலும் நான்கைந்து மாதத்தில் பருவம் வந்துவிட்ட பெண் முயல், தன் கூண்டுக்குள் வருகிற எதையும் எதிரியாகத்தான் பார்க்கும். கர்ப்பமே இல்லாமல் கர்ப்பம் போல நினைத்துக்கொண்டு, மார்பு ரோமத்தைப் பிய்த்துக் கூடு கட்டுகிற நாட்களில் கேட்கவே வேண்டாம். சோறு போடுகிற நம்மைப் பார்த்தே உறுமும்.

ஆகவே முதல் வேலை, இரண்டும் பெண்தானா என்று மருத்துவரிடம் காட்டி நிச்சயப்படுத்திக்கொள்வது. குட்டியில் கண்டுபிடிப்பது கஷ்டம், விற்பவர்களே ஏமாந்துபோவார்கள். அசந்தால் முப்பது நாளில் வீடு நிறையக் குட்டிகள்!

அடுத்தது கருத்தடை ஆபரேஷன். "ஆண் முயலே இல்லாத வீட்டில் இது எதற்கு?" என்றுதான் நானும் கேட்டேன். சண்டைக் குணம் தணியும் என்பது ஒரு காரணம். வயதான பெண் முயல்களுக்குக் கருப்பையில் புற்றுநோய் வருவது மிகவும் சகஜம், அதைத் தடுக்கலாம் என்பது அதைவிடப் பெரிய காரணம். முயலுக்குச் செய்து பழக்கப்பட்ட டாக்டராகப் பார்த்துக் கொண்டுபோங்கள். நாய், பூனை மாதிரி முதல் நாள் இரவே பட்டினி போடக் கூடாது. முயலால் வாந்தி எடுக்க முடியாது, வயிறு காய்ந்தால்தான் ஆபத்து. ஆபரேஷனுக்குப் பிறகு நான்கு முதல் ஆறு வாரம் பொறுத்திருந்துதான் பழக்க ஆரம்பிக்க வேண்டும்.

அதுவரை இரண்டு கூண்டுகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். நடுவே நாலு விரல் இடைவெளி அவசியம். கம்பி வழியாகவே மூக்கைக் கடித்துவிடும். ஒன்றின் கூண்டில் விரித்த சாக்கை மற்றதன் கூண்டில் மாற்றி மாற்றிப் போட்டேன். வாசனை பழகினால் பாதி வேலை முடிந்தது.

நேருக்கு நேர் சந்திப்பு இரண்டுமே காலடி வைக்காத இடத்தில்தான். எங்கள் வீட்டில் அது குளியலறை! தரை வழுக்காமல் ஜமக்காளம் விரித்து, வெயில் ஏறுமுன் காலையில் விட்டேன். அருகும் கொத்துமல்லியும் இரண்டு இடத்தில் தனித்தனியாக. முதல் நாள் பத்தே நிமிஷம். பக்கத்தில் கனமான துண்டும் துடைப்பமும் தயார். கையை மட்டும் நடுவில் நீட்டவே கூடாது.

ஒன்றன் மேல் ஒன்று ஏறினால் பதற வேண்டாம். யார் பெரியவள் என்று தீர்மானிக்கிறார்கள், பெண்களுக்குள்ளும் இது உண்டு. ஆனால் தலைப்பக்கமாக ஏறினால் உடனே விலக்குங்கள். கீழே இருப்பது கடித்தால் படாத இடத்தில் படும். காதைப் பின்னால் மடக்கி, வாலைத் தூக்கி உறுமினாலோ, ஒன்றையொன்று வேகமாக வட்டமடித்தாலோ அன்றைக்கு அவ்வளவுதான். கண்டுகொள்ளாமல் தன்பாட்டுக்குப் புல் மேய்ந்தால்? அது நல்ல சகுனம்! சண்டை வருமுன், அந்த நல்ல நிமிஷத்திலேயே பிரித்துக் கூண்டில் விட்டுவிட வேண்டும்.

இப்படி ஏழு வாரம். ஒரு நாள் முல்லை தலையைத் தாழ்த்தி நீட்ட, மல்லி மெள்ள அதன் நெற்றியை நக்கிக் கொடுத்தது. என் மகள் மூச்சுகூட விடவில்லை! அப்புறமும் அவசரப்படாமல், பல மணி நேரம் துரத்தலே இல்லாமல் இருந்த பிறகுதான், கூண்டை வினிகர் தண்ணீரால் கழுவிப் பழைய வாசனை போக்கி, சாமான்களை இடம் மாற்றி, ஒன்றாக விட்டேன். எத்தனை மாதமானாலும் ஒத்துப்போகாத ஜோடிகளும் உண்டு. அவற்றைப் பக்கத்துப் பக்கத்துக் கூண்டிலேயே விட்டுவிடுங்கள். பேச்சுத் துணைக்கு அது போதும்.

ஒன்று மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தால் மருந்து வாசனையில் மற்றதற்கு அடையாளம் தெரியாமல் மறுபடி சண்டை வரலாம். அதனால் போன வாரம் முல்லையின் பல்லைக் காட்டப் போனபோது மல்லியையும் கூடையில் வைத்துக்கொண்டேன்.

"இவளுக்கு என்னம்மா?" என்றார் டாக்டர்.

"ஒண்ணுமில்லே டாக்டர், துணைக்கு வந்திருக்கா!"