மனையகத்து ஓவியம்

வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குதற்பொருட்டு மனிதன் வீடு கட்டினான். ஆயின் அவ்வளவில் அவன் உள்ளம் அமைதியுறவில்லை. சுவர் எழுந்ததும் அதன்மீது ஏதேனும் தீட்டவோ தூக்கவோ விழைந்தான். இவ்விழைவு செல்வத்தின் விளைவென்று கருதுதல் பொருந்தாது. மண்சுவர்க் குடிசையிலும் செங்காவியாலும் சுண்ணாம்பாலும் கோடிழைத்திருத்தலைக் காண்கின்றோம். எனினும், ஒரு படம் சுவருக்கு அழகாய் இருப்பதற்கும், அம்மனையில் வாழ்வாருக்குப் பொருளுடையதாய் இருப்பதற்கும் இடையே பெரியதொரு வேற்றுமை உண்டு. அவ்வேற்றுமை யாது, ஓவியத்தில் எங்கிருந்து அப்பொருள் வந்து சேர்கின்றது என்பனவே ஈண்டு ஆராயற்பாலன.

இவ்வினாவுக்குத் தமிழில் மிகப் பழைய விடையொன்று உளது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில், போர்மேற் சென்ற அரசனைப் பிரிந்த தேவியின் பள்ளியறையை நக்கீரர் விரிவாகக் காட்டுகின்றார். செம்பினாற் செய்தாலொத்த நெடுஞ்சுவரிலே பல பூக்களையுடைய கொடியொன்று வளைய எழுதப்பட்டிருக்கின்றது. யானைக் கோட்டினாலாகிய கட்டிலின்மேல், மெழுகு வழித்த துணியாலான மேற்கட்டி விரிந்திருக்கின்றது. அத்துணியில் மேடம் முதலாகிய இராசிகளும், அவற்றினூடே செல்லும் ஞாயிறும், திங்களோடு பிரியாதிருக்கும் உரோகிணியும் எழுதப்பட்டுள்ளன. முதிய செவிலியர் 'இன்னே வருவர்' என்று ஆற்றுவிக்கின்றனர், அவள் ஆற்றாள். மேலே எழுதியிருக்கும் உரோகிணியை நோக்குகின்றாள், நெட்டுயிர்ப்பு எறிகின்றாள்.

அம்மேற்கட்டியை எழுதிய ஓவியன் இவளது பிரிவை அறிந்தவனல்லன். அரண்மனைக் கட்டிலுக்கு மங்கலமாக அமைவதொன்றை அவன் வரைந்தான், அவ்வளவே. கணவன் அருகிருந்த நாளில் அவ்வோவியம் கூரையின் ஓரழகாக மாத்திரமே இருந்திருக்கும். பிரிவு நேர்ந்தபின் அதே கோடுகள் அவள் துயரை அவளுக்கே உரைக்கின்றன. செவிலியரின் சொல் செய்யமாட்டாத ஒன்றைத் துணியில் எழுதிய விண்மீன் செய்துவிடுகின்றது. புலவர் அரண்மனையின் பிற செல்வங்களையெல்லாம் முன்னரே அடுக்கிக் கூறிவிட்டு இவ்வொரு நோக்கினை ஈற்றருகே வைத்த திறம் நுனித்துணரத்தக்கது.

மணிமேகலை காட்டும் காட்சி இதற்கு மாறானது. புகார் நகரத்து உயர்ந்த செங்கல் மனைகளின் வெண்சுதைச் சுவர்களிலே வானவர் முதலாக எல்லா உயிர்களின் வடிவங்களும் எழுதப்பட்டிருந்தன என்றும், தெருவிற் செல்வோர் அவற்றைக் கண்டு நின்றனர் என்றும் சாத்தனார் கூறுவர். அவை வழிப்போக்கருக்காக எழுதப்பட்டவை. மனையுடையாரின் வளத்தை ஊருக்கு அறிவிப்பவை. இக்காலத்து வீடுகளிலும் விருந்தினர் அமரும் முன்மண்டபத்துப் படங்களிற் பல இவ்வகையினவே. அவற்றிற் குற்றமில்லை. ஆனால், வீட்டார் தனித்திருக்கும்போது அவற்றை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை என்பதும் உண்மை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நிகழ்ந்த ஒரு மாற்றம் நம்மவர் இல்லங்களின் சுவர்களை முற்றாக மாற்றியமைத்தது. கிளிமானூரிற் பிறந்த இரவிவர்மா (1848–1906) நெய்வண்ணத்தில் எழுதிய தெய்வ வடிவங்களை அச்சிட்டுப் பரப்புதற்காக 1894ஆம் ஆண்டிற் பம்பாயில் அச்சுக்கூடம் ஒன்றை நிறுவினார். ஒரு படத்தின் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல் அமைத்து, ஒன்றன்மேலொன்றாக அழுத்தி எடுக்கும் கல்லச்சு முறை அங்குக் கையாளப்பட்டது. ஜேர்மானியத் தொழில்நுட்பர் அதற்குத் துணைநின்றனர். பின்னர் அச்சுக்கூடமே அவர்களுள் ஒருவர்க்கு விற்கப்பட்டது. இம்முயற்சியாற் பொருளளவில் இரவிவர்மா பெரும்பயன் அடைந்தாரல்லர். ஆயின், அதுவரை பெரும்பாலும் மன்னர் மாளிகையில் இருந்த அவர்தம் வண்ணப்படம் சிறு வணிகன் வீட்டுக்கும் உழவன் வீட்டுக்கும் வந்துசேர்ந்தது. தாமரைமேல் நிற்கும் இலக்குமியும் வீணையேந்திய சரசுவதியும் எத்துணை இல்லங்களிற் புகுந்தனர் என எண்ணிக் கூறல் இயலாது.

இப்படங்களை அறிஞர் சிலர் இகழ்ந்தனர். அவருள் முதன்மையானவர் கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி (1877–1947). இரவிவர்மாவின் தெய்வங்கள் நாடக மேடையிற் கோலம் பூண்டு நிற்பாரைப் போல்வன என்பதும், அவற்றில் இந்திய மரபின் உள்ளுணர்வு இல்லை என்பதும் அவர் கருத்து. வரைகலை நோக்கில் இதனை மறுத்தல் எளிதன்று. சோழர் காலத்துச் செப்புப் படிமத்தைக் கண்ட கண் இவ்வச்சுப்படத்தில் அமைதி கொள்ளாது. ஆயினும், இக்கண்டனம் ஒரு செய்தியைக் காணாது விடுகின்றது. படத்தை வாங்கிய பெண்டிர் அதனை வாங்கியவாறே தூக்கிவிடவில்லை. தமிழகத்திற் பலர் தெய்வத்தின் ஆடைமேற் பட்டுத்துணியை வெட்டி ஒட்டினர். அணிகளின்மேற் சரிகையும் மணியும் பதித்தனர். ஆயிரக்கணக்கில் அச்சான ஒரு படம் இவ்வாறு ஒருத்தியின் கைபட்டு, உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு படமாயிற்று. மாலையில் விளக்கேற்றுகையில் அவள் வணங்கியது அச்சுக்கூடத்துப் படத்தை அன்று. தான் உடுத்தி அழகு பார்த்த இலக்குமியை. கலைப்பொருள் வாழ்வினின்றும் பிரிக்கப்பட்டுக் காட்சிச்சாலையிற் சிறைப்படுதலைக் கண்டித்த குமாரசுவாமியின் கொள்கைக்கே இச்செய்கை சான்றாகின்றதென்பது வியப்புக்குரியது.

யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டிற் படங்கள் வைக்கப்பட்ட முறையிலும் எழுதாத இலக்கணம் ஒன்று இருந்தது. தெய்வப்படங்கள் சாமியறைக்குரியன. மறைந்த முன்னோரின் ஒளிப்படங்கள் மாலை சூடி, விறாந்தைச் சுவரிலோ உள்வாயிலின் மேலோ சற்று முன்சாய்ந்து தொங்கும். திருமணப்படம், பட்டம் பெற்ற மகனின் படம், மணமாகுமுன் பெண்பிள்ளைகள் துணியிற் பூத்தையல் செய்து சட்டமிட்ட 'நல்வரவு' ஆகியனவும் உடனிருக்கும். கலைத்திறன் பற்றி இவற்றை யாரும் தேர்ந்தாரல்லர். சிறுபிள்ளையைத் தூக்கிக்காட்டி 'இவர்தான் உன்ரை பூட்டன்' என்று சொல்லுதற்கு அச்சுவர் பயன்பட்டது. வந்தவர்க்கும் அது குடும்ப வரலாற்றை உரைத்தது, வாய்திறவாமலே உரைத்தது.

இச்சுவர்களின் மதிப்பை நம் மக்கள் உணர்ந்தது அவற்றை இழந்த காலத்திலேதான். 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் விடுதலைப்புலிகளால் வெளியேற்றப்பட்டனர். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் திரளாகத் தென்மராட்சி நோக்கி நடந்தனர். கையில் எடுத்துச் செல்லக்கூடியது சிறிது. சட்டமிட்ட படமோ கனமானது, கண்ணாடி உடைவது. உறுதிகளும் நகையும் உடையும் எடுத்தவர் பலர். படங்கள் சுவரிலேயே நின்றன. திரும்பி வந்தோர் பலர்க்குச் சுவரும் இல்லை.

இவ்விழப்பை யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் தம் படைப்புக்குப் பொருளாக்கினார். இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களும் தாம் விட்டுவந்த வீடுகளின் தளத்தை நினைவிலிருந்து வரைந்து தந்தனர். அவ்வரைவுகளோடு கட்டடக்கலை முறையிலான வரைபடங்களையும் தம் ஓவியங்களையும் இணைத்து 2011ஆம் ஆண்டில் அவர் நூலாக்கினார். ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடாகிய தோம்பின் பெயரே அந்நூலுக்கு இடப்பட்டது. முற்றுப்பெறாத தோம்பு என்பது அப்பெயரின் பொருள். அரசின் தோம்பு நிலத்தின் எல்லையையும் உடையவனையும் குறிக்கும். கை நடுங்க வரைந்த இத்தோம்போ வீட்டில் வாழ்ந்தவர் அதனை எவ்வாறு நினைத்திருக்கின்றனர் என்பதைக் குறிக்கின்றது. வரையப் பயிலாதவர் கோட்டுக்கும் ஓவியம் என்னும் பெயர் தகுமோ என வினவுவார் நெடுநல்வாடைத் தேவியை நினைத்துக்கொள்க.

எஞ்சியவற்றைக் காத்தற்கு வேண்டிய அறிவு சிறிதே; ஆயினும் பலர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. நம் நாட்டுக் காற்றில் ஈரம் மிகுதி. கண்ணாடி படத்தின் முகத்தை நேரே தொடுமாயின் ஈரம் புகுந்து படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பின்னர்ப் பிரித்தால் முகம் உரிந்து வரும். ஆதலாற் சட்டமிடுங்கால் இரண்டிற்கும் நடுவே தடித்த தாளால் ஓரம் அமைத்து இடைவெளி விடுதல் வேண்டும். சட்டத்தின் பின்புறத்து மலிவான அட்டையிலுள்ள அமிலம் ஆண்டுகள் செல்லச் செல்லத் தாளைப் பழுப்பாக்கி நொறுக்கும். சுவரோடு ஒட்டித் தூக்கிய படத்தின் பின்னே கறையான் ஏறுவதை ஒருவரும் காணார். கீழ்மூலைகளிற் சிறு கட்டைகளை வைத்துச் சற்றே விலக்கினாற் காற்று உலாவும். வெயில் நேரே படும் சுவரில் நீர்வண்ணமும் வண்ண ஒளிப்படமும் சில ஆண்டுகளில் வெளிறிவிடும். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களோ ஒளியைப் பெரும்பாலும் தாங்குவன.

இவற்றினும் இன்றியமையாதது ஒன்றுண்டு. படத்திலிருப்பவர் இன்னார் என்பதை அறிந்த கடைசி முதியவர் மறைந்ததும், நன்கு காக்கப்பட்ட படமும் முன்பின் அறியாத ஒருவரின் முகமாகிவிடுகின்றது. பழைய பெட்டிகளில் இத்தகைய முகங்கள் இன்று மிகப்பல. படத்தின் பின்புறத்தில் ஓரத்தை ஒட்டி, மெல்லிய பென்சிலால், அழுத்தாமல் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதுதல் நன்று. மை காலப்போக்கில் ஊறி முன்புறத்துக்கு வந்துவிடும்; பென்சிலின் கரி அவ்வாறு பரவுவதில்லை. வெளிநாடுகளில் வாழும் பிள்ளைகளுக்குப் படி அனுப்புவோர் முன்பக்கத்தை மட்டும் படியெடுத்தல் வழக்கம். பின்பக்கத்தையும் படியெடுத்து உடன் அனுப்புதல் வேண்டும்.