சங்கச் சந்தாவைக் கட்டலாமா, விட்டுவிடலாமா?

நார்வேயில் நாடு முழுவதற்கும் சட்டம் போட்ட குறைந்தபட்ச ஊதியம் என்று ஒன்று கிடையாது. ஊரில் சொன்னால் நம்ப மாட்டார்கள். தொழிற்சங்கமும் முதலாளிகள் அமைப்பும் உட்கார்ந்து பேசி முடிப்பதுதான் இங்கே பல துறைகளில் சம்பளத்துக்கு அடிப்படை. துப்புரவு, கட்டுமானம், மீன் பதனிடுதல் போன்ற சில துறைகளில் மட்டும் அப்படிப் பேசிய அடிமட்டச் சம்பளத்தை எல்லோருக்கும் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் ஐடி இல்லை. நாம் கையெழுத்துப் போட்ட வேலை ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறதோ, அதுதான் நம் சம்பளம்.

ஓஸ்லோவின் கிழக்கே ட்வெய்ட்டாவில் குடியிருக்கிறேன். வந்த புதிதில் நீட்டோ என்ற பொறியாளர் சங்கத்தில் சேர்ந்தேன். இந்தத் தடவை சந்தா பில் வந்ததும் வீட்டில் பேச்சு கிளம்பியது. “இத்தனை வருஷத்துல அந்த வக்கீலை ஒரு தடவையாவது கூப்பிட்டிருக்கீங்களா? எதுக்கு தண்டமா கட்டணும்?” என்றார் மனைவி. வீட்டுக் கடன் வட்டியும் பிள்ளையின் பாலர் பள்ளிக் கட்டணமும் இருக்கும்போது, இது நியாயமான கேள்விதான்.

நம்மில் பலர் படித்த காலத்தில் தொழில்முறைச் சங்கம் என்றால் ரெஸ்யூமில் ஒரு வரி. தொழிற்சங்கம் என்றால் ஃபேக்டரி வாசலில் சிவப்புக் கொடி. இரண்டும் வேறு வேறு உலகம். இங்கே இரண்டும் ஒரே கூரையின் கீழ். 1936-இல் தொடங்கிய நீட்டோ இளநிலைப் பட்டம் பெற்ற நம்மைப் போன்ற பொறியாளர்களுக்கானது. 1874-இல் வேர் கொண்ட டெக்னா, முதுநிலைப் பட்டதாரிகளுக்கானது. இரண்டிலும் ஒரு லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள். பயிற்சி வகுப்பும் இவர்களே, சம்பளப் புள்ளிவிவரமும் இவர்களே, வேலைக்கு ஆபத்து வந்தால் வக்கீலும் இவர்களே.

சந்தாவுக்கு எதிரான வாதங்களையும் பார்த்துவிடுவோம். என் கம்பெனியில் கூட்டு ஒப்பந்தம் இல்லை. அதனால் சம்பளத்தை நானே தனியாகத்தான் பேசுகிறேன். இன்சூரன்ஸ் சலுகை, எடுப்பவர்களுக்குத்தான் லாபம். சங்கச் சந்தாவுக்கான வரிக்கழிவு உச்சவரம்பு 2021-இல் 3,850 க்ரோன். 2023-இல் 7,700 ஆனது. கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் வரி விகிதம் 22 சதவீதம் என்பதால், 100 க்ரோன் கட்டினால் வரியில் மிச்சமாவது 22 க்ரோன்தான். மீதி நம் பாக்கெட்டிலிருந்து போகிறது.

பிறகு ஏன் கட்ட வேண்டும்?

வேறு கம்பெனியில் இருந்த நண்பர் ஒருவரை ஒரு நாள் கூட்டத்துக்கு அழைத்தார்கள். ஆட்குறைப்பு. வேலை நீக்கத்துக்கு முன் முதலாளி ஊழியரோடு கலந்து பேச வேண்டும் என்கிறது இங்குள்ள தொழிலாளர் சட்டம். அந்தக் கூட்டத்துக்கு ஊழியர் துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போகலாம். நீக்கக் கடிதம் வந்த பின் பேச்சுவார்த்தை கேட்க இரண்டே வாரம்தான் அவகாசம். அதற்குள் நார்வேஜிய மொழியில் கடிதத்தைப் படித்து, சட்டம் புரிந்து, ஆள் தேடி... நடக்கிற காரியமா? நண்பர் சங்கத்துக்கு போன் போட்டார். விலகல் ஒப்பந்தத்தை வக்கீல் வரி வரியாகப் படித்துச் சொன்ன பிறகே கையெழுத்துப் போட்டார். வேலை போனது உண்மை. ஆனால் பதற்றத்தில் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடவில்லை.

திறன்மிகு பணியாளர் விசாவில் இருப்பவருக்கு இது இன்னும் கூர்மையான விஷயம். வேலை போனால், விசா செல்லுபடியாகும் காலத்துக்குள், புது வேலை தேட அதிகபட்சம் ஆறு மாதம். நார்வேக்காரருக்கு ஆலோசனை கேட்க அப்பா, மாமா, பள்ளித் தோழன் என்று நாலு பேர் இருப்பார்கள். நமக்கு யார் இருக்கிறார்கள்? வாட்ஸ்அப் குரூப்தான். அதில் ஆளுக்கொரு சட்டம் சொல்வார்கள்.

“பிரச்சினை வரும்போது சேர்ந்துக்கலாமே” என்று சிலர் கேட்கிறார்கள். பிரச்சினை தொடங்கிய பிறகு சேர்ந்து, அதற்கே வக்கீல் வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. ட்வெய்ட்டா சென்டரில் அடிக்கடி பார்க்கும் யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர், வடக்கே மீன் ஆலையில் வேலை செய்தவர், இதைச் சுருக்கமாகச் சொன்னார்: “தம்பி, மழை துவங்கின பிறகு குடைக்கு ஓடக் கூடாது கண்டீரோ.”

சென்னையிலும் ஐடி ஊழியர்கள் இதைப் புரிந்துகொள்ளத் தொடங்கிப் பல காலம் ஆகிறது. ஃபைட் என்ற ஐடி ஊழியர் அமைப்பு 2008-இல் அங்கேதான் உருவானது. ஐடி ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசு 2016-இல் தெளிவுபடுத்தியது. அங்கே போராடிக் கேட்கும் உரிமை, இங்கே சாதாரண வழக்கம்.

நான் சந்தாவைக் கட்டிவிட்டேன். வக்கீலைக் கூப்பிடாத வருஷத்தை நஷ்டக் கணக்கில் எழுத மாட்டேன். வீட்டு இன்சூரன்ஸ் எடுத்தவர், வீடு எரியவில்லையே என்று வருத்தப்படுவதில்லை. ஆனால் கட்டுவதோடு நிறுத்தப் போவதும் இல்லை. எங்கள் கம்பெனியில் எத்தனை பேர் உறுப்பினர், ஊழியர் பிரதிநிதி ஏன் இல்லை என்று விசாரிக்கத் தொடங்கியிருக்கிறேன். ஆள் சேர்ந்தால்தான் கூட்டு ஒப்பந்தம் கேட்க முடியும்.

இங்கேயே பிறந்து வளர்ந்த தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கு மொழி தெரியும், விசா கவலை இல்லை. சங்கத்தில் பிரதிநிதியாக நிற்க உங்களைவிடத் தகுதியானவர் யார்? பக்கத்து மேஜையில் நேற்று வந்து சேர்ந்த நம்மூர்க்காரருக்கு, அந்தக் கடிதத்தைப் படித்துச் சொல்ல நீங்கள் இருக்கலாமே.