கர்ணத்தின் மீது எழும் சதுரம்

செங்கோண முக்கோணத்தில் கர்ணத்தின் வர்க்கம் மற்ற இரு பக்கங்களின் வர்க்கங்களுடைய கூட்டுத்தொகைக்குச் சமம் என்னும் பிதாகோரஸ் தேற்றத்தைப் பள்ளியில் மனனம் செய்யாதவர் அரியர். ஆயினும், அது வெறும் எண்களின் சூத்திரமாகவே நெஞ்சில் பதிந்துவிடுவதால், அதன் ஜீவன் பரப்பில் இருக்கிறது என்ற உண்மை பெரும்பாலோருக்குப் புலப்படாமலே போய்விடுகிறது.

3 அங்குலமும் 4 அங்குலமும் செங்கோணத்தை அடுத்த பக்கங்களாகக் கொண்ட நான்கு முக்கோணங்களைக் காகிதத்தில் வெட்டி, 7 அங்குலப் பக்கமுள்ள சதுரமொன்றின் மூலைக்கு ஒன்றாக, செங்கோணம் மூலையில் பொருந்துமாறும், ஒவ்வொரு விளிம்பிலும் ஒரு முக்கோணத்தின் 3 அங்குலப் பக்கமும் அடுத்ததன் 4 அங்குலப் பக்கமும் சேருமாறும் வைத்தால், நடுவே கர்ணத்தையே பக்கமாகக் கொண்ட ஒரு சதுரம் சாய்வாக எஞ்சி நிற்கும். அதே நான்கையும் கர்ணத்தோடு கர்ணம் சேர்த்து இரு செவ்வகங்களாக்கி, எதிரெதிர் மூலைகளில் ஒதுக்கினாலோ, 3 அங்குலச் சதுரமும் 4 அங்குலச் சதுரமும் தனித்தனியே எஞ்சும். மொத்தப் பரப்பு 49 சதுர அங்குலம். முக்கோணங்கள் அடைத்தது 24. முதல் அமைப்பில் மிஞ்சிய 25-ம், இரண்டாவதில் மிஞ்சிய 9-ம் 16-ம் ஒன்றேயன்றோ? பக்கங்களின் அளவு எதுவாயினும் இந்த நியாயம் பிறழாது.

இத்தேற்றத்தை வேள்விக் களத்திலேயே பிரயோகித்தவர்கள், வேள்விப் பீடங்களுக்கு அளவு வகுத்த நம் நாட்டுச் சுல்ப சூத்திரகாரர்கள். பருந்து, ஆமை, தேர்ச்சக்கரம் எனப் பல வடிவங்களில் அமைந்த அக்கினிச் சிதிகள் என்னும் அப்பீடங்கள் யாவும், புருஷம் என்னும் ஆளுயர அளவையில், முதன்முறை ஏழரைச் சதுர புருஷப் பரப்பும், மறுமுறை அதனினும் ஒரு சதுர புருஷம் மிகுதியும் உடையனவாக இருத்தல் வேண்டும் என்ற நியமத்தினால், பரப்புகளைக் கூட்டும் வித்தை அவர்களுக்கு இன்றியமையாததாயிற்று. இரு சதுரங்களை ஒன்றாக்க, பெரியதன் ஒரு பக்கத்தில் சிறியதன் பக்க அளவைக் குறித்து, அந்த அகலமுள்ள நீண்ட துண்டைப் பிரித்து, அதன் மூலைவிட்டத்தின் மீது கயிற்றை நீட்டினார்கள். அக்கயிற்றின் நீளமே வேண்டிய சதுரத்தின் பக்கம். 5 முழச் சதுரத்தையும் 12 முழச் சதுரத்தையும் இவ்வாறு சேர்த்தால், 25-ம் 144-ம் கூடிய 169 சதுர முழம், 13 முழச் சதுரமாக விளைவதைக் காணலாம்.

அலெக்ஸாந்திரியாவில் வாழ்ந்த யூக்லிட், கி.மு. 300-ஐ ஒட்டித் தாம் இயற்றிய நூலின் முதற் பாகத்தில் 47-ஆவது தேற்றமாக இதை நிறுவியதோடு அமையாமல், ஆறாம் பாகத்தில், பக்கங்களின் மீது எழுப்பும் உருவங்கள் ஒத்த வடிவினவாயின் அவை சதுரங்களாகவே இருக்க வேண்டியதில்லை என்றும் காட்டினார். ஆகவே கர்ணத்தின் மீது வரைந்த அரைவட்டமும் மற்ற இரு அரைவட்டங்களின் கூட்டுக்குச் சமமே.

எண் கைவிடுமிடத்திலும் பரப்பு கைவிடுவதில்லை. 1 அடிச் சதுரத்தை இரட்டிக்க வேண்டுமாயின், புதிய பக்கத்தின் நீளத்தை எந்தப் பின்னத்தாலும் முற்றாகச் சொல்ல இயலாது. சுல்ப சூத்திரம் தரும் 577/408 என்ற அளவும், மிக நெருங்கியதேயாயினும், உண்மையைச் சற்றே கடந்தது. ஆனால் அச்சதுரத்தின் மூலைவிட்டத்தின் மீதே வேறொரு சதுரத்தை வரைந்தால், அது குறைவின்றி இரு மடங்காகிவிடுகிறது. ஆதலின், சூத்திரத்தை ஒப்பிக்கச் சொல்லுமுன் மாணவர் கையில் காகிதத்தையும் கத்தரிக்கோலையும் கொடுப்பதே ஆசிரியரின் முதற் கடமையாகும்.